மஞ்சள் நோட்டீஸுக்கு அப்புறம்

திருப்பூரில் ஒரு கம்பெனிக்காரர் திவாலாகிவிட்டதாக மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்ற பேச்சு டீக்கடைக்கு வந்துவிட்டால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு அமுக்கினானாம்?" என்பதுதான். பணத்தையும் நிலத்தையும் சொந்தக்காரர்கள் பேரில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கையை விரித்தவர்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள், அதனால் ஊர் அப்படிக் கேட்பதை முழுக்கக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிஜமாகவே எல்லாம் போய், வேறு வழி இல்லாமல் கோர்ட் படி ஏறிய குடும்பங்களும் இருக்கின்றன. நாங்கள் அதில் ஒரு குடும்பம். என் வீட்டுக்காரர் பேரில் 2018இல் திவால் மனு போட்டோம், 2022இல் கடன்களிலிருந்து விடுதலை உத்தரவு வந்தது. இன்றைக்கும் சேர்ந்து இருக்கிறோம், சேர்ந்து சம்பாதிக்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதிலிருந்து தெரிந்தவர்கள் வீடுகளில் தூக்கம் போய்விட்டது. "நீங்க எப்படிங்கக்கா வெளிய வந்தீங்க?" என்று கேட்டுச் சிலர் போன் செய்கிறார்கள். போனில் சொல்லி மாளவில்லை. நான் வக்கீல் கிடையாது. பட்டதைச் சொல்கிறேன், சட்டம் சம்பந்தப்பட்டதை எங்கள் வக்கீலம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

எங்களுடையது பவர் டேபிள். கட் செய்த பீஸை ஏற்றுமதி கம்பெனி கொடுக்கும், ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களை ஓட்டித் தைத்துத் திருப்பிக் கொடுப்போம், பீஸுக்கு இவ்வளவு என்று பில் போடுவோம். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூரில் சம்பளம் வாராவாரம், சனிக்கிழமை. பில் பணமோ அறுபது நாளில் வரும், தொண்ணூறு நாளில் வரும், சில நேரம் அடுத்த சீசனில்தான் வரும். சனிக்கிழமைக்கும் அந்தத் தொண்ணூறாம் நாளுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது? வட்டிப் பணத்தைப் போட்டுத்தான். சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும் என்று 2006ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது, புகார் கொடுக்க ஒரு கவுன்சிலும் இருக்கிறது. ஆனால் ஆர்டர் கொடுக்கிற கம்பெனி மேலேயே புகார் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் எந்த மெஷினில் என்ன துணியை ஓட்டுவது? அந்தச் சட்டம் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டாததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

2016 நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை ராத்திரி பழைய நோட்டு செல்லாது என்றார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை சம்பள நாள். வங்கியில் வாரத்துக்கு 20,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்ற நிலையில் ஒரு டேபிள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அதில் தடுமாறி எழுந்திருக்கும்போது 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. ஆயத்த ஆடை ஜாப் ஒர்க்குக்கு முதலில் 18 சதவீதம் என்று போட்டார்கள், அடுத்த மாதமே 5 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் இடையில் பில்லெல்லாம் நின்றுபோனது. கடைசி அடி, எங்கள் வேலையில் முக்கால்வாசியைக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியே மூடியது. பேர் வேண்டாம், அவர்களுக்கும் வெளிநாட்டில் எவனோ பாக்கி வைத்திருந்தான் என்று கேள்வி. எங்களுக்கு வர வேண்டிய பில் பணம் அதோடு போய்விட்டது.

அப்போது எங்கள் தலையில் என்னென்ன கடன் இருந்தது என்பதே எனக்கு முழுசாகத் தெரியாது. கம்பெனி கணக்கு நோட்டு என் கையில்தான் இருந்தது. சம்பளம், பில், நூல் கடை, கரண்டு எல்லாம் தேதி போட்டு எழுதுவேன். வீட்டு மேல் வாங்கிய வங்கிக் கடன் தெரியும், அதில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். மெஷின் லோன் தெரியும். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது தெரியும். ஆனால் வெளியில் வாங்கிய வட்டிக் கடன் அவர் மனசுக்குள் மட்டுமே இருந்தது. ஐந்து வட்டி, பத்து வட்டி, வார வட்டி. ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கட்டியிருக்கிறார். "உனக்கெதுக்கு அம்மணி இந்தத் தொல்லையெல்லாம்" என்று ஆண்கள் சொல்வது பாசத்தில்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. அந்தப் பாசம்தான் எங்களைப் பாதிக் கிணற்றில் இறக்கியது.

வீட்டு வாசலில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு ராத்திரி மகளைத் தூங்கவைத்துவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். புது நோட்டு ஒன்று எடுத்தேன். "ஏனுங்க, யாரையும் விடாமச் சொல்லுங்க, நான் எழுதறேன். திட்டமாட்டேன்" என்றேன். அவர் ஒவ்வொரு பேராகச் சொல்ல, பேருக்கு நேராக வாங்கிய தொகை, இதுவரை கட்டிய வட்டி, கொடுத்து வைத்திருக்கிற செக், சாட்சி யார் என்று நான்கு கட்டம். வெறும் கையெழுத்துப் போட்ட செக் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் அவருக்கு நாக்கு எழவில்லை. பக்கம் திருப்பி எழுதிக்கொண்டே இருந்தேன். விடியும்போது கூட்டிப் பார்த்தால், வீட்டை விற்று, மெஷினை விற்று, என் கழுத்தில் காதில் இருப்பதை விற்றாலும் பாதிகூட அடையாது. அவர் அப்போதுதான் சொன்னார், இரண்டு மாதமாகச் சாகிற யோசனை வந்து போகிறது என்று. நமக்குத் தெரிந்த ஊர்களிலிருந்தே பேப்பரில் அந்த மாதிரிச் செய்தி வந்துகொண்டிருக்கிறது, குழந்தைகளோடு சேர்த்து. அவர் வாய்விட்டுச் சொன்னதால் நான் பிழைத்தேன், அவரும் பிழைத்தார். இதைப் படிக்கிற யாருக்காவது அந்த யோசனை வந்தால் இன்று ராத்திரியே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கடன் எந்தத் தொகையாக இருந்தாலும் ஒரு உயிருக்கு ஈடு ஆகாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சட்ட உதவி கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். வங்கி நோட்டீஸ் என் பேரிலும் வந்திருந்ததால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அங்கே கிடைத்த வக்கீலம்மாதான் பிறகு எங்கள் இருவருக்கும் வழி காட்டினார். என் நோட்டை முழுசாகப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, வீட்டை யார் பேருக்காவது மாத்தினீங்களா?" இல்லை என்றதும்தான் மேலே பேசினார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நம் ஊர்களில் தனி மனிதர் திவால் மனு போடுவது இன்னமும் 1920ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ்தான். சென்னை நகருக்கு மட்டும் 1909ஆம் வருடத்துச் சட்டம். 2016இல் புதுச் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். அதில் தனி மனிதருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டம்தான். எவ்வளவு பழசு என்றால், 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று அதில் இருக்கிறது.

சப் கோர்ட்டில் மனு போட்டால் கடன்காரர்கள் எல்லாருக்கும் நோட்டீஸ் போகும். கோர்ட் ஒப்புக்கொண்டு திவால் என்று அறிவித்தால் அவருடைய சொத்து முழுக்க கோர்ட் நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போய்விடும், விற்று வருவதைக் கடன்காரர்களுக்குப் பங்கு போடுவார்கள். அதற்கப்புறம் கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் அந்தக் கடனுக்காகத் தனியாகக் கேஸ் போட முடியாது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. அடமானம் வைத்த சொத்தை வங்கி எடுப்பதை அது நிறுத்தாது. செக் பவுன்ஸ் கேஸ் கிரிமினல் கேஸ், அது தனியாக ஓடும். கூட்டாகக் கையெழுத்துப் போட்ட மனைவியோ ஜாமீன் போட்ட மச்சானோ இவர் விடுதலையானாலும் தப்பமாட்டார்கள். கடைசியில் சொன்னதுதான் தம்பதிகள் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம். எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறது?

அதனால்தான் நாங்கள் முதலில் வீட்டை முடித்தோம். வங்கி நோட்டீஸ் வந்த பிறகு அறுபது நாள் அவகாசம். ஏலம் வரை விட்டால் விலை அடிமாட்டுக்குப் போகும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்து, நாங்களே ஆள் பார்த்து விற்றோம், பணம் நேராக வங்கிக்குப் போனது. அடமானக் கடன் அடைந்து என் கையெழுத்து அதிலிருந்து வெளியே வந்தது. மெஷின்களை லோன் கொடுத்தவர்கள் எடுத்துப் போனார்கள். செக் கேஸ்களில் இரண்டை லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தோம். நாங்கள் வாங்கியதைவிடப் பல மடங்கு தொகை எழுதிப் போட்டிருந்த ஒருவர், கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்து இருக்கிறது என்று வக்கீலம்மா எடுத்துச் சொன்ன பிறகு அசலுக்கு இறங்கி வந்தார். அந்தத் தொகைகளை என் அண்ணன் கட்டினார்.

ரிசீவர் அலுவலகத்திலிருந்து வாடகை வீட்டுக்கு வந்து பொருள் கணக்கு எடுத்த நாளை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். எனக்குத் தெரிந்தவர்கள் "தாலியைக்கூட விடமாட்டாங்க" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, தங்கத்தை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். வந்தவர் ஐம்பது வயதுக்காரர், செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார். டிவி, பீரோ, ஃபிரிட்ஜ் எழுதினார். சமையல் பாத்திரம், பாய் படுக்கை, போட்டுக்கொள்ளும் துணிமணி எதையும் எழுதவில்லை. தாலியைப் பார்த்ததும், "அதைப் போட்டுக்கங்கம்மா, அதை எடுக்கச் சட்டத்துலயே இடம் இல்ல" என்றார். உண்மைதான், சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆவது பிரிவு. சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, அத்தியாவசியத் துணி, பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவி இவையெல்லாம் ஜப்தியில் சேராது. மூலையில் இருந்த தையல் மெஷினைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார். எங்கம்மா எனக்குச் சீராகக் கொடுத்தது என்றேன். அதையும் விட்டுவிட்டார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் அந்த மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எண்ணெய் விட்டுத் துடைத்து, பாபினை மாற்றி வைத்தார். அடுத்த வாரம் அக்கம்பக்கத்தில் ஜாக்கெட் தைக்க வாங்க ஆரம்பித்தேன். புது வாழ்க்கையின் முதல் வருமானம் அதில் வந்ததுதான்.

அதற்கப்புறமான வருடங்கள் விசித்திரமானவை. விடுதலை ஆகாத திவாலானவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்குமேலோ கடனாக வாங்கினாலே குற்றம், ஆறு மாதம் வரை சிறை என்று அந்தப் பழைய சட்டத்தில் இருக்கிறது. 1920இல் 50 ரூபாய் பெரிய பணம், இன்றைக்கு அது இரண்டு லிட்டர் பால்கூட வராது. ஆனால் எங்களுக்கு அது நல்லதாகப் போனது. மளிகைக் கடையில் அக்கவுண்ட் வைப்பதை நிறுத்தினோம். அவர் ஒரு கம்பெனியில் பேட்லாக் டெய்லராகச் சேர்ந்தார், நான் செக்கிங்கில். ஒன்றரை ஷிப்ட் பார்ப்போம். முதலாளியாக இருந்தவர் இன்னொருவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பது சாதாரண விஷயம் கிடையாது. முன்னால் எங்களிடம் வேலை பார்த்த பையனே அங்கே லைன் சூப்பர்வைசர். முதல் நாள் அவன் எழுந்து நின்று "அண்ணா" என்றானாம். இவர் தோளைத் தட்டிவிட்டு மெஷினுக்குப் போனாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, அவமானம் இல்லை. அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது அத்தை பணத்தில்தான். என் மாமியாரின் தங்கை, கணவர் இல்லாதவர், மாடு வைத்துப் பால் ஊற்றிச் சேர்த்ததை எங்களுக்குக் கைமாத்தாகக் கொடுத்திருந்தார். மனு போடுவதற்கு முன்னால் அவருக்கு மட்டுமாவது கொடுத்துவிடுவோம் என்று என் வீட்டுக்காரர் துடித்தார். மனு போடுவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சாதகமாகக் கொடுத்தால் அது செல்லாது, ரிசீவர் அதைத் திரும்பக் கேட்கலாம், மனுவே கெட்டுப்போகும் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வக்கீலம்மா பேச்சுப்படி நின்றேன். "உனக்கு மனசே இல்லையா" என்று கேட்டு என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு இருவருமாக அத்தையிடம் போய் உள்ளதைச் சொன்னோம். கடன்காரர் பட்டியலில் அவர் பேரையும் சேர்த்திருக்கிறோம், கோர்ட் முடிந்த பிறகு எப்படியும் தருவோம் என்றோம். அத்தை அழுதார், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

திவால் என்று அறிவித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. கோர்ட் குறிக்கிற காலத்துக்குள் விடுதலை கேட்டு நாமே தனியாக மனு போட வேண்டும். போடாமல் விட்டால் திவால் உத்தரவே ரத்தாகி, கடன்கள் பழையபடி எழுந்து நிற்கும். விடுதலை கேட்கும்போது சட்டம் ஒரு கேள்வி வைக்கிறது: சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்காவது வந்ததா? வராவிட்டால் அது உன் பொறுப்பில் வராத காரணத்தால் என்று நிரூபி. எங்களுக்கு நான்கணாகூடத் தேறவில்லை. மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருந்தாயா என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் என் நோட்டுகள் பேசின. எந்தத் தேதியில் எந்த பில் போனது, எது வரவில்லை, எந்தச் சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று வரிசையாக இருந்தது. கொரோனாவில் கோர்ட் மூடி, தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் 2022இல் உத்தரவு வந்தது. கணவர் தொழில் செய்கிற வீட்டில் இருக்கிற பெண்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது இது: கணக்கை எழுதுங்கள், வட்டிக்கு வாங்கியதையும் சேர்த்து எழுதவையுங்கள்.

சிபில், அதாவது நாம் கடன் கட்டிய விதத்தைப் பற்றிய பதிவு, அதோடு சரியாகிவிடவில்லை. விவரங்களைக் குறைந்தது ஏழு வருடம் வைத்திருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக முழு ரிப்போர்ட் வாங்கிப் பார்க்கலாம், நாங்கள் பார்க்கிறோம். அடைத்த வீட்டுக் கடன்கூட முதலில் பாக்கி என்றே காட்டியது, வங்கியின் நிலுவையில்லாச் சான்றைக் கொடுத்துத் திருத்தினோம். பிறகு சின்ன ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, கேஸ் சிலிண்டருக்கு மட்டும் தேய்த்து மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறோம். போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. மாதம் நூறு ரூபாயிலிருந்தே ஆரம்பிக்கலாம், நாங்களும் அங்கிருந்துதான் ஆரம்பித்தோம். சனிக்கிழமை ராத்திரி இரண்டு பேர் சம்பளமும் ஒரே இடத்துக்கு வரும், சாப்பிட்ட பிறகு அந்த வாரக் கணக்கு. அவர் போனில் யார் பேசினாலும், என்னிடம் யார் கைமாத்து கேட்டாலும் அன்றைக்குள் மற்றவருக்குத் தெரிய வேண்டும். காதல் என்று நான் இப்போது நினைப்பதில் இதுவும் அடக்கம்.

அத்தைக்குத் தர வேண்டியது சட்டப்படி இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் தீபாவளி போனஸ் வந்தால் முதல் பங்கு அவருக்குத்தான், பாதிக்குமேல் கொடுத்துவிட்டோம். நூல் கடைக்காரருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறார் இவர், சின்னக் கடை, அவரும் எங்களால் அடிபட்டவர். அதிலும் எனக்குச் சம்மதம். வார வட்டிக்காரர்களுக்கு ஒரு பைசா தரமாட்டேன், அதில் நான் அசையமாட்டேன்.

இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு வேறு. இரண்டு மெஷின் போட்டு, உள்ளூர் மார்க்கெட்டுக்குக் குழந்தைத் துணி தைத்துக் காதர்பேட்டையில் கொடுக்கலாம், ரொக்க வியாபாரம் என்கிறார். நான் மூன்று நிபந்தனை சொல்லியிருக்கிறேன். இருவர் பேரிலும் பதிவு, வட்டிக்கு ஒரு ரூபாய் வாங்கக் கூடாது, ஒருவர் கம்பெனி வேலையை விடக் கூடாது. முதல் இரண்டுக்கு உடனே சரி என்றார். மூன்றாவதில் யார் வேலையில் இருப்பது என்பதில்தான் நிற்கிறது. எனக்குப் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் இருக்கிறது, அதனால் நான் இருக்கிறேன் என்கிறேன். கணக்குப் பார்க்க நீ வேண்டும், நான் ஷிப்டுக்குப் போகிறேன் என்கிறார் அவர். வருகிற சனிக்கிழமை மறுபடி உட்காருவோம்.